பச்சை அடித்த கட்டங்கள்

எங்கள் வீட்டில் மெமோ கொடுப்பார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அம்மா அரசாங்க அலுவலகத்தில் யூடிசி, அதாவது மேல்நிலை எழுத்தர். புதுச்சேரியில் தெருவுக்கு நாலு வீடு அரசாங்க உத்தியோகம்தான், அது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் சாயங்காலம் வீடு திரும்பும்போது ஆபீஸையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தது, எனக்குத் தெரிந்து, எங்கம்மா ஒருத்திதான்.

நான் ப்ளஸ் டூ போன வருஷம் அம்மா ஒரு சார்ட் போட்டாள். பெரிய வெள்ளைச் சார்ட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, திங்கள் முதல் ஞாயிறு வரை, காலை நாலரையில் இருந்து ராத்திரி சாப்பாடு வரை, நாற்பது நிமிஷத்துக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள் பாடத்தின் பேர். படித்து முடித்தால் அந்தக் கட்டத்தில் பச்சை ஸ்கெட்ச் அடிக்க வேண்டும். பாதி முடித்தால் மஞ்சள். முடிக்கவில்லை என்றால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் மெமோ.

"பொருள்: புதன்கிழமை மாலை 6.40 கட்டம் சிவப்பாக இருப்பது குறித்து. மேற்படி கட்டத்தில் இயற்பியல் படிக்கப்படாததற்கான காரணத்தை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்." கீழே கையெழுத்து, தேதி. சாட்சிக்கு அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா பைக் ஷோரூமில் சர்வீஸ் பிரிவில் இருந்தார். கிரீஸ் போகாத விரலோடு பேனாவைப் பிடித்து, என் முகத்தைப் பார்க்காமல் போட்டுவிட்டுப் போய்விடுவார். நான் ஒருமுறை "வயிற்று வலி" என்று பதில் எழுதினேன். அதன் கீழே அம்மா எழுதியது: "விளக்கம் ஏற்கத்தக்கதல்ல." சிரிப்பு வருகிறதா? எனக்கு இப்போது வருகிறது. அப்போது அந்தக் காகிதத்தைக் கிழித்து வாயில் போட்டு மென்று துப்பலாமா என்றிருந்தது.

சாரம் பகுதியில் எங்களுடையது இரண்டு அறை வாடகை வீடு. முன்னறையில் சார்ட், அதற்கு எதிரே என் மேசை. சமையலறையில் நின்றால் என் முதுகு தெரியும், குரல் கேட்கும். குரல் கேட்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். "வாய் விட்டுப் படி, மனசுல பதியும்" என்பாள் அம்மா. குரல் ஒரு நிமிஷம் நின்றால் போதும், குக்கர் விசிலைத் தாண்டி "என்ன சத்தத்தைக் காணோம்?" என்று வரும். நானும் சத்தம் போட்டேன். கரிம வேதியியலை ஏலம் போடுகிற மாதிரிச் சத்தம் போட்டேன். புத்தி அது பாட்டுக்கு எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு பக்கத்தை நாலு தடவை உரக்கப் படித்துவிட்டு, அதில் என்ன இருந்தது என்று கேட்டால் முழிப்பேன்.

ஒருநாள் செவ்வாய்க்கிழமை, கணக்குக் கட்டம் முடிய இரண்டு நிமிஷம். ஒரு கணக்கும் போடவில்லை. சிவப்பு அடித்தால் மெமோ, மெமோவுக்குப் பதில், பதிலுக்குக் குறிப்பு. சலித்துப்போய்விட்டது. பச்சை ஸ்கெட்சை எடுத்து அடித்துவிட்டேன். கை நடுங்கியது என்றெல்லாம் கதை விட மாட்டேன், நடுங்கவே இல்லை. அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள். "ம்" என்றாள். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் எல்லாம் பச்சை. அப்பட்டமான பொய்ப் பச்சை. கொஞ்சம் நம்புகிற மாதிரி இருக்கட்டும் என்று வாரத்துக்கு ஒரு மஞ்சள் மட்டும் வைப்பேன். அந்த மஞ்சளுக்கு அம்மா, "பரவால்ல, மனுஷங்கதானே" என்று பெருந்தன்மையாகச் சொல்வாள்.

அப்படியானால் எப்போது படித்தேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து இருபதில் இருந்து ஆறு வரை ஒரு கட்டம் இருந்தது. அதில் அம்மா "ஓய்வு" என்று எழுதியிருந்தாள். அம்மா ஆபீஸ் முடிந்து வந்து சேர ஆறாகும். அந்த நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்து வருவது என் வேலை. ஒருநாள் இயற்பியல் புத்தகத்தை டியூஷனில் மறந்து வைத்துவிட்டேன். டியூஷன் ரெட்டியார்பாளையத்தில், போய் எடுத்துவர நேரமில்லை. மறுநாள் வகுப்பில் டெஸ்ட். துணிக்கூடையை வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தேன். கிழித்த காலண்டர்த் தாள் நாலைந்து கிடந்தது. அதன் பின்பக்கத்தில், ஞாபகம் இருப்பதை மட்டும் எழுதிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். அந்த வாரம் முழுக்க நான்கு கட்டம் பச்சை அடித்த பாடம் அது. ஆறு வரி வந்தது. ஆறே வரி! அதிலும் ஒன்று தப்பு.

மறுநாள் காலையில் வகுப்புக்கு முன்னால் பக்கத்தில் இருந்தவளிடம் புத்தகம் வாங்கி, நான் எழுதாமல் விட்டதை மட்டும் பார்த்தேன். பார்த்த உடனே ஒட்டிக்கொண்டது. ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியாது. எது தெரியாது என்று தெரிந்துபோனால், அதைப் படிக்க ஒரு வெறி வருகிறது, அவ்வளவுதான். அன்றிலிருந்து மாடியில் அதையே செய்தேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதுவேன். திறந்து, விட்டதைப் பார்ப்பேன். விட்டதை மட்டும் ஒரு சின்ன நோட்டில் குறிப்பேன். மறுநாள் அந்தக் குறிப்பை மட்டும் மூடி வைத்து எழுதுவேன். மூன்று நாள் கழித்து இன்னொரு தடவை. ஒரு பாடம் முடிகிற வரை அடுத்ததைத் தொட மாட்டேன், மணி என்னவானாலும் சரி. வகுப்பில் சாப்பாட்டு இடைவேளையில் அதே கதை. ஓய்வுக் கட்டத்தில் படித்தேன், படிப்புக் கட்டங்களில் ஓய்வெடுத்தேன். இதுதான் உண்மை.

அம்மாவிடம் சொல்லாமல் இல்லை, ஒருமுறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "ம்மா, புக்கை மூடி வெச்சிட்டு எழுதிப் பார்த்தா நல்லா நிக்குதும்மா."

"நல்ல விஷயம்தானே? அதுக்கும் ஒரு கட்டம் போட்டுடறேன். அந்த அஞ்சு இருபது சும்மாதானே கெடக்கு?"

"வேணாம்மா, வேணாம். இருக்கிறதே போதும்."

இருக்கிற ஒரே சந்தும் போய்விடுமே! அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

முதல் தேர்வில் வேதியியலில் தொண்ணூற்றாறு. மற்றதிலும் நல்ல மார்க். வகுப்பில் முதல். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மார்க்கைப் பார்த்துவிட்டு நேரே சார்ட் முன்னால் போய் நின்றாள். அதைத்தான் பார்த்தாள், என்னையல்ல. போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். சித்தி கேட்டாள், ஆபீஸில் நாலு பேர் கேட்டார்கள். பென்ஷன் வாங்கப் போகிற வயதில் இருந்த ஒரு அதிகாரி, பேரனுக்கு வேண்டும் என்று அம்மாவின் மேசைக்கே வந்து கேட்டாராம். அதை அம்மா சாப்பிடும்போது மூன்று தடவை சொன்னாள். பதினெட்டு வருஷம் ஒரே நாற்காலியில் ஃபைல் தள்ளியவள், முதல்முறையாக அவளிடம் ஒன்றைக் கேட்டு மேலதிகாரி வந்திருக்கிறார். நான் என்ன சொல்ல முடியும்? "அது பொய்ம்மா" என்றா? சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் பெற்றோர் கூட்டம். அங்கே அம்மா அந்தச் சார்ட்டை எங்கள் வகுப்பாசிரியையிடம் காட்டினாள். கெமிஸ்ட்ரி மிஸ்தான் எங்களுக்கு வகுப்பாசிரியை. மறுநாளே நாற்பத்திரண்டு ஜெராக்ஸ் வந்து இறங்கியது. "இனிமே எல்லாரும் இதுதான். வாரா வாரம் கலர் அடிச்சு, வீட்டுல கையெழுத்து வாங்கி, சனிக்கிழமை எங்கிட்ட காட்டணும்" என்றார் மிஸ். என் அம்மாவின் கையெழுத்தில், என் அம்மாவின் கோடுகளோடு, என் பொய் நாற்பத்திரண்டு பேர் மடியில் ஏறி உட்கார்ந்தது. அதில் ஒன்று எனக்கே கிடைத்தது.

இங்கே என் பக்கத்தில் இருந்தவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் நானும் ஒரே பெஞ்ச். எங்கள் இருவருக்கும் ஒரே பேர், அதனால் குடியிருக்கிற பகுதியை வைத்து வகுப்பில் என்னை "சாரம்" என்றும் அவளை "உப்பளம்" என்றும்தான் கூப்பிடுவார்கள். டீச்சர்கள்கூட அப்படித்தான். அவர்கள் மீன்பிடிக்கிற குடும்பம். அப்பா படகில் போகிறவர், அம்மா விடியுமுன் துறைமுகத்துக்குப் போய் மீன் எடுத்து மார்க்கெட்டில் விற்கிறவர். அவள் நர்ஸிங் படிக்க ஆசைப்பட்டாள். ஆசை என்றால் சும்மா இல்லை, ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவர்களை நின்று பார்த்துவிட்டு வந்து, எப்படிப் பிடித்தார்கள் என்று பேனாவை வைத்து என் கையில் செய்து காட்டுவாள். முதல் தேர்வில் கெமிஸ்ட்ரியில் அவளுக்கு ஐம்பத்தெட்டு. மோசமில்லை.

எங்கள் பள்ளிக்கூட வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பெரிய போர்டு உண்டு. அந்த நூறு எப்படி வருகிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். பொதுத்தேர்வுக்குப் பேர்ப் பட்டியல் அனுப்புவதற்கு முன்னால் இரண்டாம் தேர்வு வரும். அதில் ஒரு பாடம் போனாலும் வீட்டில் இருந்து ஆளைக் கூப்பிட்டு, டிசியைக் கையில் கொடுத்து, பிரைவேட்டாக எழுதச் சொல்லிவிடுவார்கள். முப்பத்துமூன்று எடுத்தால் உள்ளே, எடுக்காவிட்டால் வெளியே. உப்பளத்துக்கு அதுவரை அந்தப் பயம் இல்லை. சார்ட் வந்த பிறகுதான் வந்தது.

முதல் வாரம் அவள் சார்ட்டில் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது. உள்ளதை உள்ளபடி அடித்திருந்தாள். மிஸ் அதைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டி, "இது என்ன, கோயில் திருவிழா தோரணமா?" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மறுவாரத்தில் இருந்து அவள் பச்சைக்குப் போராட ஆரம்பித்தாள். மற்றவர்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு மொத்தமாகப் பச்சை அடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அது எனக்குத் தெரியும், மிஸ்ஸுக்குத் தெரியாது. உப்பளத்துக்கும் தெரியாது, ஏனென்றால் அவள் பள்ளி விட்ட நிமிஷமே நாலு நாற்பது கட்டத்துக்காக ஓடிவிடுவாள்.

அவள் நிஜமாகவே செய்தாள். அவளுடைய அம்மா துறைமுகத்துக்குக் கிளம்பும்போது எழுந்து, கதவைச் சாத்திவிட்டு உட்காருவாளாம். போனில் நாற்பது நிமிஷத்துக்கு அலாரம். அலாரம் அடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அடுத்தது.

"பாதிக் கணக்குல நிக்கும்டி. இன்னும் ரெண்டு ஸ்டெப்பு போட்டா முடிஞ்சிடும்னு தெரியும். ஆனா அலாரம் அடிச்சிடும். மூடிட்டு பயாலஜி எடுப்பேன். பயாலஜி படிக்கிறப்போ அந்தக் கணக்கு மண்டைக்குள்ள சுத்திகினே இருக்கும். அது முடியறதுக்குள்ள அடுத்த அலாரம்."

"அப்ப முடிச்சிட்டே போறதுதானே?"

"கட்டம் போயிடுமே! நீ மட்டும் எப்டி முடிக்கிற? நாப்பது நிமிஷத்துல ஒரு பாடம் எப்டிடி முடிக்கிற?"

சாப்பாட்டு இடைவேளை. அவள் டப்பாவில் இருந்த நெத்திலி வறுவலை எனக்கும் எடுத்து வைத்துவிட்டுத்தான் கேட்டாள். அவள் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். அதற்குள் என்னென்னவோ ஓடியது. இவள் யாரிடமாவது சொன்னால், அது மிஸ் காதுக்குப் போனால், மிஸ் அம்மாவிடம் கேட்டால்? அந்த அதிகாரி, சித்தி, ஸ்டேட்டஸ் பார்த்தவர்கள், நாற்பத்திரண்டு வீடு. அம்மா அந்தச் சார்ட்டை எப்படி இறக்குவாள்? இன்னொன்றும் இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் முதலாவது. என் மாடியைப் பற்றி யாருக்கும் தெரியாத வரை நான்தான் முதலாவது. அந்த அற்பப் புத்தியும் அங்கே கால் மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"போகப் போகப் பழகிடும்டி" என்றேன். நெத்திலியைத் தின்றேன்.

அவள் நம்பினாள். அதுதான் கொடுமை. மாதத் தேர்வில் நாற்பத்தொன்று வந்தது. தனக்குத்தான் பழகவில்லை என்று நினைத்து, நாலரையை நாலாக்கினாள். வகுப்பில் தூங்கி விழுந்தாள். நான் முழங்கையால் இடித்து எழுப்புவேன். அவள் எழுந்து, "தேங்க்ஸ்டி" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். என் மீதுதான் எரிச்சல், ஆனால் அவள் மீது காட்டுவேன். "ராத்திரியெல்லாம் என்னதான் பண்ற?" என்றுகூட ஒருநாள் கேட்டேன். எனக்குத் தெரியாதா என்ன பண்ணுகிறாள் என்று?

மாதத் தேர்வுத் தாள் கொடுத்த அன்று மிஸ் அவளை எழுப்பி நிறுத்தினார். என்னையும் எழுப்பினார். இரண்டு சார்ட்டையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினார். இரண்டும் பச்சை.

"ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு. ஒரே டைம்டேபிள். இவ தொண்ணூத்தி நாலு. நீ நாப்பத்தொண்ணு. இதுக்கு என்ன அர்த்தம்? நீ சும்மா பச்சை அடிச்சிகினு வந்து என்னை ஏமாத்தற."

"இல்ல மிஸ். நெஜமா படிச்சேன் மிஸ்."

"பொய் சொல்லாத. பொய் சொல்றவங்களை எனக்குச் சுத்தமாப் பிடிக்காது. இவளைப் பாரு!"

அவள் என்னைப் பார்த்தாள். அந்த வகுப்பில் நாற்பத்திரண்டு சார்ட்டில் உண்மையான சார்ட் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் பொய் என்று ஒட்டியிருந்தார்கள். பொய்க்கெல்லாம் தாய்ப் பொய் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை போதும். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மிஸ் அதை அடக்கம் என்று நினைத்திருப்பார். "உக்காரும்மா" என்றார் என்னைப் பார்த்து.

அவள் அந்தப் பீரியட் முழுக்க நின்றாள்.

வீட்டுக்கு வந்தால் மூச்சு முட்டும். சார்ட் கண்ணெதிரே. அம்மா அதற்கு லேமினேஷன் போட்டுவிட்டிருந்தாள், மேலே எழுதி அழிக்கிற பேனா வாங்கித் தந்திருந்தாள், இனி வருஷக்கணக்கில் இருக்குமாம். "உன் தம்பிக்கும் ஆகும்" என்றாள். எனக்குத் தம்பியே கிடையாது, சித்தி பையனைச் சொன்னாள். பள்ளிக்குப் போனால் அதே சார்ட், பக்கத்தில் அவள். டியூஷனில்கூட யாரோ ஒட்டிவிட்டார்கள். நான் போட்ட பூட்டு, சாவியும் என் கையில்தான், ஆனால் திறக்கக் கை வரவில்லை. ஒருநாள் மாடியில் உட்கார்ந்து அழுதேன். அழுகை முடிந்ததும் அந்த மிச்ச இருபது நிமிஷத்தில் ஒரு பாடத்தை எழுதிப் பார்த்தேன். அப்படிப்பட்டவள்தான் நான்.

இரண்டாம் தேர்வு வந்தது. கெமிஸ்ட்ரியில் அவளுக்கு இருபத்தொன்பது. நாலு மார்க்கில் போனது. திங்கள்கிழமை அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

சனியும் ஞாயிறும் நான் சாப்பிடவில்லை. அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, ஜுரம் இல்லை என்று கட்டத்துக்கு அனுப்பிவிட்டாள். திங்கள்கிழமை காலை முதல் மணி அடிக்குமுன் லேபுக்குப் போனேன். மிஸ் தனியாக இருந்தார், குடுவைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"மிஸ், அந்தச் சார்ட் பொய் மிஸ். நான் ஒரு நாளும் அதும்படி படிச்சதில்ல. எல்லாம் சும்மா அடிச்ச பச்சை. உப்பளம்தான் மிஸ் நெஜமா செஞ்சா. அதனாலதான் மிஸ் அவ மார்க்கு போச்சு. அவளை அனுப்பாதீங்க மிஸ்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். மூன்று மாதமாகக் கனத்தது இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. மிஸ் எண்ணிக்கொண்டிருந்த குடுவையைக் கீழே வைத்தார். போய்க் கதவைச் சாத்தினார்.

"இதை வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மிஸ்."

"சொல்லாத. நாப்பத்திரண்டு பேரண்ட்ஸ்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்கேன். பிரின்சிபாலே மத்த செக்‌ஷனுக்கும் குடுக்கச் சொல்லியிருக்காங்க. நான் இப்ப யாருகிட்ட போய் என்னன்னு சொல்றது?" சொல்லிவிட்டு நெற்றியைத் தேய்த்தார். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "அவ டிசி வெள்ளிக்கிழமையே ரெடி. லிஸ்ட்டும் போயாச்சு. இனிமே என் கையில இல்லம்மா. நீ ஃபர்ஸ்ட் வர்ற பொண்ணு. மனசைக் குழப்பிக்காத. போய்ப் படி."

கதவைத் திறந்துவிட்டார். நான் வெளியே வந்தேன். உண்மையைச் சொன்னால் ஏதாவது இடியும், யாராவது அடிப்பார்கள், அம்மாவைக் கூப்பிடுவார்கள் என்றெல்லாம் மூன்று மாதம் பயந்திருந்தேன். ஒன்றுமே ஆகவில்லை. உண்மையை எடுத்துக்கொண்டு போனேன், அதை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பதினொரு மணிக்கு ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்தேன். அவளும் அவளுடைய அம்மாவும் ஆபீஸ் ரூமில் இருந்து இறங்கி வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். பாத்ரூம் என்று சொல்லிவிட்டு ஓடினேன். வாசல் மரத்தடியில் பிடித்தேன். அவளுடைய அம்மா நல்ல புடவை கட்டி வந்திருந்தார், அன்று வியாபாரத்துக்குப் போகவில்லை. என்னைப் பார்த்து, "வா பாப்பா. நீதான் ஃபர்ஸ்ட்டு வர்ற பொண்ணா? இது உன்னைப் பத்தித்தான் எப்பவும் பேசும்" என்று சொல்லிவிட்டு, நாங்கள் பேசிக்கொள்ளட்டும் என்று நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

நான் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பச்சை பொய் என்றேன். அலாரத்தைத் தூக்கிப் போடு என்றேன். மாடியைச் சொன்னேன், புத்தகத்தை மூடி வைத்து எழுதுவதைச் சொன்னேன், விட்டதை மட்டும் பார்ப்பதைச் சொன்னேன், ஒரு பாடம் முடியாமல் அடுத்ததைத் தொடாதே என்றேன். மொத்தமே இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். இடையில் ஒருமுறை, "மூணு நாள் கழிச்சு மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

கடைசியில், கொஞ்சம் பெருமையாகத்தான், சொன்னேன். "காலையிலேயே மிஸ்கிட்ட போய் உண்மையைச் சொல்லிட்டேன்டி. எனக்கு என்ன ஆனாலும் பரவால்லன்னு சொல்லிட்டேன். அவங்கதான் கேக்கல."

அவள் கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேனோ என்னவோ. அவள் அழவில்லை. கோபமும் படவில்லை. புரியாத கணக்கைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

"மிஸ்கிட்ட எதுக்குடி சொன்ன? மிஸ்கிட்டயும் வேணாம், உங்கம்மாகிட்டயும் வேணாம். உன் பச்சை உங்கிட்டயே இருந்துட்டுப் போவட்டும், எனக்கு இன்னா? எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா போதுமே. நான் யாருகிட்ட போய்ச் சொல்லப் போறேன்? பக்கத்துலயேதானடி ஒக்காந்திருந்தேன்."